மோதிர விரலில் பாதி

மாவுக்கட்டு போட்ட இரண்டாம் நாள் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பை இழுத்துச் சேர்த்து, கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். முறிந்த கை வலிக்கத்தானே செய்யும் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மாத்திரைக்கு அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனது. மாலையில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல லேசாக இருந்தது. நள்ளிரவுக்குள் நன்றாக மரத்துவிட்டது. கட்டை விரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். "கண்ணை மூடு" என்று சொல்லிவிட்டு, பஞ்சை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். சுண்டு விரலில் தெளிவாகத் தெரிந்தது. மோதிர விரலில் சுண்டு விரல் பக்கம் தெரிந்தது, நடுவிரல் பக்கம் தெரியவில்லை. ஒரே விரலின் நடுவில் கோடு கிழித்த மாதிரி!

"காலையில பார்த்துக்கலாம்" என்றேன். "இல்ல, இப்பவே கிளம்பு" என்றாள்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் உண்டு. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது, கார்ப்பல் டனல் என்பார்கள். சுற்றிலும் எலும்பு, மேலே கெட்டியான தசைநார். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. எலும்பு முறிந்து ரத்தம் கசிந்து வீங்கும்போது சுரங்கம் விரிந்து கொடுக்காது, நரம்பு நசுங்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுக்கும் உணர்வு அந்த நரம்பு வழியாகத்தான். மணிக்கட்டை அதிகமாக மடக்கி வைத்துக் கட்டினாலும் அழுத்தம் ஏறும். என் கட்டு அப்படித்தான் இருந்தது.

இரவுப் பணியில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது, "விழுந்தப்பவே மரத்துப்போச்சா, அப்புறமா?" என்றுதான். விழுந்த அடியிலேயே நரம்பு அடிபட்டு மரத்துப்போவதும் உண்டாம். அது கூடாமல் அப்படியே இருந்தால் சில சமயம் பொறுத்துப் பார்க்கலாம். முதலில் நன்றாக இருந்த விரல்கள் மணிக்கு மணி மரத்துக்கொண்டே போனால் பொறுக்கவே கூடாது. கட்டையும் உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் வரை வெட்டிப் பிரித்தார், மணிக்கட்டை நிமிர்த்தி வைத்தார். குறையவில்லை. விடிவதற்குள் ஆபரேஷன் செய்து அந்தத் தசைநாரை அறுத்துவிட்டார்கள்.

கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வை, விரல்களை ஆட்டிக்கொண்டே இரு என்று கட்டுப் போட்டவர்கள் சொன்னார்கள். எந்த விரல் மரத்தால் உடனே ஓடி வரவேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பு கோணலாகக் கூடினால் மாதங்கள் கழித்தும் இதே நரம்பு மெல்ல நசுங்கலாம் என்பதால், இப்போதும் வாரம் ஒருமுறை அக்கா பஞ்சோடு உட்காருகிறாள். மோதிர விரலில் இருந்த கோடு அழிந்துவிட்டது. சட்டைப் பையில் நாணயம் எது, பொத்தான் எது என்று பார்க்காமலே சொல்ல முடிகிறது. நடுவிரல் நுனியில் மட்டும் பஞ்சு இன்னும் தெரியவில்லை.