ஹை-ரெஸ் பாட்டு எந்த இடத்தில் சுருங்குகிறது?

ஹை-ரெஸ் என்றால் சிடியைவிட நுணுக்கமாகப் பதிவான பாட்டு. மியூசிக் ஆப்பில் தெரியும் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' வந்திறங்கும் ஃபைலின் தரம் மட்டுமே. அது அப்படியே காதுக்கு வருகிறதா என்று சந்தேகம் வந்தால் முதலில் ப்ளூடூத்தைத் துண்டித்து ஒயரில் கேளுங்கள். ஐபோன் ப்ளூடூத் ஹெட்போனுக்கு ஏஏசி (AAC) என்ற சுருக்கும் முறையைத் தாண்டாது. ஆண்ட்ராய்டில் உள்ள எல்டாக் (LDAC) என்ற முறையின் உச்சம் நொடிக்கு 990 கிலோபிட். சிடி தரத்துக்கே 1,411 கிலோபிட் வேண்டும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 990 வைத்ததும் பாட்டு விக்கினால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ப்ளூடூத்தும் 2.4-இல்தான் ஓடுகிறது.

யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான மின்சிக்னலாக மாற்றும் கருவி) மாட்டியும் அதன் திரை 48 கிலோஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா? எல்லா ஆப்களின் ஒலியையும் கலக்கும் ஆண்ட்ராய்டு மிக்ஸர் பெரும்பாலும் எல்லாவற்றையும் 48-க்கு மாற்றிவிடும். டாக்குக்கு நேரடியாக அனுப்பும் யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற ஆப் போடுங்கள். 192-க்கு அலைவதைவிட சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாறாமல் வந்து சேர்வதே மேல். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் சாம்பிள் ரேட்டை (இந்த கிலோஹெர்ட்ஸ் எண்ணை) நாமே மாற்ற வேண்டும். விண்டோஸில், ஆப்பிலேயே எக்ஸ்க்ளூசிவ் மோடை (டாக்கை அந்த ஆப் மட்டும் நேரடியாகப் பயன்படுத்தும் வசதி) ஆன் செய்தால் போதும்.