வாளிக் குளியலும் ஓதம் ஏறிய சுவரும்

வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பதும் தினமும் சோறு வடிப்பதும்தான் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கக் காரணம் என்று எங்கள் லண்டன் வாடகை வீட்டின் ஏஜென்ட் சொன்னபோது சுருக்கென்றது. குளிப்பதை ஒரு குறையாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. "குளிச்சாச்சா?" என்று கேட்காமல் காபி தராத அம்மாவிடம் வளர்ந்தவள் நான்.

கவுன்சில் என்றால் வரி வாங்கும், குப்பை அள்ளும் என்றுதான் நினைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அதன் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதினேன். ஈரம் அளக்கும் கருவியோடு ஓர் அதிகாரி வந்தார். முதலில் வெளியே போய் மழைநீர்க் குழாயைப் பார்த்தார். மூட்டு விட்டுப்போய், தண்ணீர் முழுக்கச் சுவரில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் குளியலறை விசிறியில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. விசிறி சுற்றுகிறது, காற்றை இழுக்கவில்லை. எப்படிக் குளிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி வீட்டில் பார்க்க வேண்டிய அபாயங்கள் 29. அதில் முதலாவதே ஓதமும் பூஞ்சணமும்தான். அபாயம் கடுமையானது என்று கண்டால், தனியார் வீடாக இருந்தாலும் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் குழாயையும் விசிறியையும் மாற்றினார்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் பூஞ்சணத்தால் இறந்துபோனது. சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தின் குளிக்கும் பழக்கத்தைத்தான் அங்கேயும் முதலில் குறை சொன்னார்கள். அது தவறு என்று பிறகு வீட்டை நிர்வகித்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அவன் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபரிலிருந்து சமூக வீடுகளில், அதாவது கவுன்சிலும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகளில், நடைமுறையில் இருக்கிறது.

இத்தனைக்கும் குளிக்க இடம் கட்டிக்கொடுப்பதையே உள்ளாட்சியின் வேலையாக வைத்திருந்த நாடு இது. 1832இல் லிவர்பூலில் காலரா பரவியபோது, அயர்லாந்திலிருந்து வந்த கிட்டி வில்கின்சன் தன் வீட்டு வெந்நீர்க் கொப்பரையை அக்கம்பக்கத்தார் துணி துவைக்கத் திறந்துவிட்டார். அதன் தொடர்ச்சியாக 1842இல் அந்நகரில் பொதுக் குளியலகமும் சலவைக்கூடமும் வந்தன. 1846இல் அதற்கென்றே சட்டம் வந்தது. கிட்டியும் பிழைக்க வந்தவர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

சத்தத்துக்கும் அதே கவுன்சில்தான். இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரைக்குத் தனிச் சட்டமே உண்டு. மேல்வீட்டுப் பாட்டு ஒரே கடிதத்தில் அடங்கியது. இந்த அமைதி பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் மார்கழி வந்தால் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கோயில் குழாய் ஒலிபெருக்கியின் கரகரப்பைக் காது தேடுகிறது.

சரி, புதிதாக வருகிறவர்களுக்கு: பூஞ்சணத்தைத் துடைக்கும் முன் படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். அசையவில்லையென்றால் கவுன்சிலுக்கு எழுதுங்கள், காசு கேட்க மாட்டார்கள். குளிப்பதை மட்டும் குறைத்துக்கொள்ளாதீர்கள்.