தெரு முழுக்க மண்ணெண்ணெய் வாடை

மே 22, 2025, வியாழன், சான் டியகோ

விடியற்காலை 3:45 இருக்கும். இடி விழுந்துவிட்டது என்றுதான் எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஒரே பனிமூட்டம், எதிர்வீட்டு வாசல் விளக்குகூடத் தெரியவில்லை. ஆனால் வாடை வந்தது. சின்ன வயதில் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது வரும் அதே மண்ணெண்ணெய் வாடை.

ஸ்கல்பின் தெருவில் ஒரு சிறிய ஜெட் விழுந்திருக்கிறது. கடற்படைக் குடும்பங்கள் குடியிருக்கும் இடம். விமான எரிபொருள் தெருவில் ஓடி, நிறுத்தியிருந்த கார்களெல்லாம் எரிந்திருக்கின்றன. தரையில் ஓர் உயிரும் போகவில்லை. தூக்கத்தில் இருந்த நேரம். நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

மே 23

விமானத்தில் இருந்த ஆறு பேரும் போய்விட்டார்கள். இசைத்துறை முகவர் டேவ் ஷப்பிரோவும் டிரம்மர் டேனியல் வில்லியம்ஸும் அதில் இருந்தார்களாம். செஸ்னா சைட்டேஷன் ரக ஜெட். நியூ ஜெர்சியில் கிளம்பி, விச்சிட்டாவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பறந்து வந்திருக்கிறார்கள். மான்ட்கோமரி கிப்ஸ் விமான நிலைய ஓடுபாதைக்கு இன்னும் இரண்டு மைல்கூட இல்லை. மின்கம்பியில் மோதிவிட்டது.

விசாரணை அதிகாரிகள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. ஓடுபாதைக்கு வழிகாட்டும் விளக்குகள் எரியவில்லை. அங்கிருந்த வானிலைக் கருவியும் மின்சாரக் கோளாறில் செயலிழந்திருந்தது. அந்நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் ஆள் கிடையாது. பக்கத்து மிராமர் ராணுவ விமானத் தளத்தின் நிலவரத்தைத்தான் விமானியிடம் சொல்லியிருக்கிறார்கள்: அரை மைல் பார்வை, 200 அடியில் மேகம்.

இப்படிப்பட்ட இரவில் குறிப்பிட்ட உயரம் வரைதான் இறங்கலாம். அதற்குள் விளக்கோ ஓடுபாதையோ கண்ணில் பட்டால் தரையிறங்கலாம், படாவிட்டால் மேலேறிவிட வேண்டும். சரி, எரியாத விளக்கை எங்கே தேடுவது? மே மாதம் இந்த ஊரில் கடல்மேகம் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விமானி திரும்பியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விளக்கையும் கருவியையும் சரிசெய்வது தரையில் இருப்பவர்கள் வேலை.

மே 26

மகளோடு படிக்கும் பெண்ணின் குடும்பம் நம் முன்னறையில் தங்கியிருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு இன்னும் போக முடியவில்லை. இட்லி ஊற்றினேன், அந்தப் பெண் மூன்று சாப்பிட்டாள். அப்புறம் படுக்கப் போனாள்.

விளக்கணைக்கப் போனபோது பார்த்தேன். போர்வைக்குள் ஷூவைக் கழற்றாமலே தூங்கிக்கொண்டிருந்தாள்.