கம்பாலாவில் ஷட்டில் எண்ணிய ஒரு வாரம்

நான் ஸ்டோர் கீப்பர். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் குடோன் என் பொறுப்பில் இருக்கிறது. சோப்பு, பிஸ்கட், டார்ச் பேட்டரி, கொசுவலை என்று என்ன வந்தாலும் என்ன போனாலும் ரெஜிஸ்டரில் ஏறினால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். பதினோரு வருஷமாக இதே வேலை. மாலையில் உடம்பு இறங்குவதற்காகப் பேட்மின்டன் ஆடப் போவேன், நன்றாக ஆடுவேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் 2022 பிப்ரவரியில் ஆப்பிரிக்க நாட்டு அணிகளுக்கான பேட்மின்டன் சாம்பியன்ஷிப் எங்கள் ஊருக்கு வந்தபோது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். என்ன தெரியும் என்றார்கள். எண்ணத் தெரியும் என்றேன். ஷட்டில் ஸ்டாக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

நாகர்கோவிலுக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பூப்பந்தா?" இல்லப்பா, இறகுப்பந்து, இது வேற. "ரெண்டும் ஒண்ணுதானேடா." அவருக்கு மஞ்சள் கம்பளிப் பந்தும் ஐந்தைந்து பேர் நின்று ஆடும் பள்ளிக்கூட மைதானமும்தான் ஞாபகம். சரி, ஆப்பிரிக்காவில் இதெல்லாம் ஆடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. உங்களில் பாதிப் பேருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு என்று ஒரு பேட்மின்டன் சம்மேளனம் எழுபதுகளிலிருந்தே இருக்கிறது. இப்போது இந்த அணிப் போட்டி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. 2016-ல் மொரீஷியஸின் ரோஸ் ஹில், 2018-ல் அல்ஜியர்ஸ், 2020-ல் கெய்ரோ, அப்புறம் எங்கள் கம்பாலாவின் லுகோகோ. இங்கே ஆடுவதை வைத்துத்தான் உலக அணிப் போட்டிகளுக்கு, ஆண்கள் தாமஸ் கோப்பைக்கும் பெண்கள் ஊபர் கோப்பைக்கும் போகிறார்கள்.

அந்தச் சமயத்து கம்பாலாவையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொரோனாவால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் ஜனவரியில்தான் திறந்திருந்தன. ஊரடங்கு போய்விட்டது, ஆனால் போடா போடா என்கிற பைக் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ராத்திரி 7 மணிக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. ஆட்டம் நீண்டால் எங்களில் பலருக்கு வீடு போய்ச் சேருவதே ஒரு தனிப் போட்டி. மூன்று மாதம் முன்பு, நவம்பர் 16-ல், ஊர் நடுவே குண்டு வெடித்திருந்தது. அப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான பேட்மின்டன் போட்டிக்கு வந்திருந்த இந்திய அணி அந்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான் தங்கியிருந்தது, நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு வாசலில் பையைத் திறந்து காட்டுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. என் பையில் ரெஜிஸ்டர், ரெண்டு பேனா, ஒரு ரோலக்ஸ். கைக்கடிகாரம் இல்லை, முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. இங்கே அதற்குப் பெயரே அதுதான்.

வேலைக்கு வருகிறேன். அணிகள் பயிற்சிக்கு வந்து சேருவதற்கு முன்பே எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். டியூப் ஒன்றுக்குப் பன்னிரண்டு ஷட்டில், மூடியில் வேக எண். அட்டைப்பெட்டிகளை இறக்கி, எண் வாரியாகப் பிரித்து, முதலில் வந்தது முதலில் போகிற மாதிரி அடுக்கினேன். அடுக்குவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் மேற்கு ஜன்னல் பக்கம், மேலே தகரக் கூரை, சாயந்திர வெயில் நேராக விழும். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன். ஒரு குடோன்காரனுக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம். பிஸ்கட்டைக் கெடுப்பது ஈரம், அட்டைப்பெட்டியைச் சரிய வைப்பது ஈரம், பேட்டரியில் துரு ஏற்றுவது ஈரம். விக்டோரியா ஏரி பக்கத்திலேயே இருக்கிற ஊரில் பதினோரு வருஷமாக அதோடு சண்டை போட்டவன் நான். நல்ல காய்ந்த, சூடான இடம் கிடைத்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் பயிற்சிக் கோர்ட்டுக்கு அந்த அடுக்கிலிருந்து டியூப் கொடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பையன் திரும்பி வந்து இன்னொன்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். எனக்கு முதலில் வந்த சந்தேகம் குடோன் சந்தேகம்தான், யாரோ பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று. காலி டியூபையும் பழைய ஷட்டிலையும் கொண்டுவந்தால்தான் புதுசு தருவேன் என்றேன். கொண்டுவந்து கொட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக இருந்தது, ஷட்டில்தான் சரியாக இல்லை. இறகுகள் நடுத்தண்டில் பொட்டுப் பொட்டென்று முறிந்திருந்தன. அடித்து நைந்த மாதிரியே இல்லை, அப்பளம் உடைந்த மாதிரி இருந்தது.

வெளிநாட்டு அணி ஒன்றோடு வந்திருந்த வயதான கோச் ஒருவர் என் அறைக்கே வந்தார். இங்கே பெரியவர்களை ம்ஸே என்போம், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுக்கைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தலைக்கு மேல் தகரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரு டியூபைத் திறந்து இறகை விரலால் வருடிக் காட்டி, "இது வாத்தோட உடம்பில் இருந்தது. வாத்து தண்ணீரில் இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பதினாறு இறகு, ஒரு கார்க், மொத்தமே ஐந்து கிராமை ஒட்டிய எடை. அந்த இறகில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது வளைந்து கொடுக்கும், காய்ந்தால் அடி தாங்காது. நான் ஒரு நாள் முழுக்க அதை வெயிலில் வறுத்து வைத்திருந்தேன்.

அவரே ஒரு மின்சாரக் கெட்டிலை எடுத்துவரச் சொன்னார். தண்ணீர் கொதித்து ஆவி வரும்போது டியூபின் இரண்டு மூடியையும் கழற்றி, இறகுப் பக்கத்தை ஆவிக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தார். கார்க் நனையக்கூடாது, அதிகமாகவும் காட்டக்கூடாது, உடனே மூடி ஒரு ராத்திரி வைத்துவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீளக் குழல், கீழே கொதிக்கிற தண்ணீர், மேலே ஆவி. அம்மா காலையில் புட்டுக்குழலைப் பிடிப்பதும் இப்படித்தான். அதை அவருக்கு விளக்க முயற்சி செய்து பாதியில் விட்டுவிட்டேன், அரிசிமாவும் தேங்காயும் என்று ஆரம்பித்தால் அவர் ஷட்டிலுக்குள் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார் போலிருந்தது. வறுபட்டது பயிற்சிக்கான ஒதுக்கு மட்டும்தான், ஆட்டத்துக்கானது இன்னும் பெட்டியிலேயே இருந்தது என்பதால் பிழைத்தேன். அன்று இருட்டும் வரை உட்கார்ந்து டியூப் டியூபாக ஆவி காட்டினேன், மீதிப் பெட்டிகளை வெயில் படாத மூலைக்கு மாற்றினேன். தரை சில்லென்று இருந்த மூலை, எங்கள் குடோனில் நான் ஒரு கட்டு அட்டையைக்கூட வைக்காத மாதிரி இடம்.

ஆட்டத்துக்கு முன்னால் ரெஃபரி தரப்பில் வேகம் சோதிப்பதை அந்த வாரம்தான் கிட்டே நின்று பார்த்தேன். கோர்ட்டின் பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் ஒரு அடி. எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் உள்ளே விழுந்தால் அது சரியான வேகம். அந்த இடத்தைத் தாண்டினால் வேகம் அதிகம், அதுவரை போகாவிட்டால் மந்தம். கம்பாலா கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் மெலிசு, அதனால் இறகை இழுத்துப் பிடிக்கிற சக்தியும் குறைவு, அதே அடிக்கு ஷட்டில் கூடுதல் தூரம் போகும். குளிரான கடலோர ஊரில் 78 வேக எண் ஷட்டிலில் ஆடுகிறவர்கள் இங்கே எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடலோரத்து அல்ஜியர்ஸிலிருந்து வருகிறவருக்கு முதல் நாள் உயரத் தூக்கி அடிக்கிற லாப் எல்லாம் கோட்டுக்கு வெளியே போனால் அது அவர் தப்பில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். சொந்த ஊர் சாதகம் என்று சொல்வார்களே, கத்துகிற கூட்டத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்கென்னவோ அதில் பாதி இந்த மெலிசுக் காற்றுதான் என்று தோன்றுகிறது.

ஆட்டம் ஆரம்பித்த பிறகு நான் கோர்ட்டைப் பார்த்தது ரொம்பக் குறைவு. எந்த அணிக்கும் எந்த அணிக்கும் எத்தனை டியூப் போனது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஆட்டம். ஆனால் ரெஜிஸ்டரிலிருந்தே நிறையத் தெரியும் என்று கண்டுபிடித்தேன். ஒரு மோதலில் ஐந்து ஆட்டம், மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். ஒருவர் ஒரு ஒற்றையரும் ஒரு இரட்டையரும் ஆடலாம், ஆக நாலே பேரை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தை ஒப்பேற்றிவிடலாம். விமானக் கட்டணத்தை நினைத்துப் பாருங்கள், பத்துப் பேரைக் கூட்டிவர எல்லாராலும் முடியாது. காலையில் ஒற்றையர் ஆடின அதே பெண் கொஞ்ச நேரத்தில் இரட்டையருக்கு வந்து நிற்பாள், அவளுக்கு மூச்சு விட நேரம் வேண்டும் என்று ஆட்ட வரிசையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆட்டம் நீண்டால் சாயந்திர டியூப் கணக்கு ஏறும், களைத்த கை ஷட்டிலை நடுவில் அடிக்காது, ஓரத்தில் அடிக்கும், இறகு போகும். ஒரு அணியின் ஷட்டில் செலவு திடீரென்று கூடினால் அங்கே யாரோ களைத்துவிட்டார்கள் என்று அறைக்குள்ளிருந்தே சொல்வேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனதும் உண்டு, ஒரு முறை வெறும் ஸ்மாஷ் பைத்தியம்.

பணம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இறகு ஷட்டில் விலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் மாலை ஆட்டத்தில் ஒரு ஷட்டிலை அது பழைய துடைப்பம் மாதிரி ஆகும் வரை அடிப்போம். வந்திருந்த சில அணிகளில் ஆட்டக்காரர்களும் அப்படித்தான், ஊரில் பயிற்சியெல்லாம் பிளாஸ்டிக்கில் என்று ஒரு பையன் சொன்னான். பிளாஸ்டிக் பறக்கிற விதம் வேறு, வலைக்குப் பக்கத்தில் அது சட்டென்று விழாது. இறகு கையில் வந்ததும் அவன் வலையோர ஆட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டும், அதுவும் நாட்டின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு. ஐரோப்பாவில் முகாம் போட்டுப் பயிற்சி எடுக்க வசதி உள்ளவனும் இவனும் ஒரே கோர்ட்டில் நிற்கிறார்கள், முடிவைப் பார்த்துவிட்டுத் திறமை போதாது என்று எழுதுகிறவர்கள் ஒரு தரம் என் அறைப் பக்கம் வந்திருக்கலாம்.

ஆண்கள் பட்டத்தை அல்ஜீரியா வென்றது, 2018-லும் 2020-லும் அவர்கள்தான். பெண்கள் பட்டம் உகாண்டாவுக்கு. ஹுசினா கொபுகாபே, ஃபதிலா ஷமிகா என்று அந்த வாரம் எல்லார் வாயிலும் இந்தப் பெயர்கள்தான். கடைசி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, டியூப் கொடுத்து அனுப்பிவிட்டு அறையில் இருந்தேன். ஒவ்வொரு ராலியிலும் சத்தம் அடங்கி எழும், கடைசியில் அடங்கவே இல்லை. எட்டிப் பார்த்தபோது வாசலில் நின்ற செக்யூரிட்டி அம்மா பையைச் சோதிக்கிற குச்சியை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

மே மாதம் பாங்காக்கில் தாமஸ் கோப்பையை இந்தியா முதல் முறையாக வென்றபோது ஊரிலிருந்து எல்லோரும் செய்தி அனுப்பினார்கள். நான் அதே கோப்பையில் ஆடிய அல்ஜீரியாவின் ஸ்கோரையும் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2024-ல் உகாண்டா பெண்கள் செங்டுவில் ஊபர் கோப்பை ஆடியபோது குடோனில் போனைப் பேட்டரிப் பெட்டி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அன்று வந்த இன்வாய்ஸில் ஒன்றை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன், அது வேறு கதை.

போட்டி முடிந்த மறுநாள் என் கணக்கை மூட வேண்டும். புதுசு மீதி எத்தனை, அடித்தது எத்தனை, இரண்டையும் கூட்டினால் வந்தது வர வேண்டும். அடித்த ஷட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதை யாருக்கு என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற உள்ளூர் கோச் ஒருவர் வருவார், கொடுத்துவிடு என்றார்கள். வந்தார், பின்னால் ஒரு பழைய வேன். மூட்டையைத் தரையில் கொட்டி உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். இறகு ஒன்றிரண்டு போனது ஆட்டத்துக்கு, பாதி போனது வரிசையாகப் போட்டு அடித்துப் பழக, மொட்டையானது சுவரில் அடிக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு. வெறும் கார்க்கைக்கூட விடவில்லை, கோர்ட்டில் அடையாளம் வைக்க உதவுமாம். நான் எழுதித் தள்ளுபடி செய்ய வைத்திருந்ததில் அவர் மூன்று தரம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

போவதற்கு முன் ரெஜிஸ்டரை நீட்டி, பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் கையெழுத்தும் எண்ணிக்கைக் கட்டத்தில் எண்ணும் போடச் சொன்னேன். "எண்ணிப் பார்த்துப் போடுங்க செபோ." இங்கே ஐயா என்பதற்கு செபோ. அவர் மூட்டைகளைப் பார்த்தார், வேனில் ஏறி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார், பேனாவை வாங்கி எண்ணிக்கைக் கட்டத்தில் 'பிங்கி' என்று எழுதினார். லுகாண்டாவில் நிறைய என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் என் ரெஜிஸ்டரில் அந்தக் கட்டத்துக்குள் யாரும் எழுத்தால் எழுதியதில்லை. நான் அதற்குப் பக்கத்தில் என் இனிஷியலைப் போட்டு மூடினேன்.