பேனாக் கட்டைக்குள் பித்தளைக் குழாய்: எந்தப் பசை?

மரப் பேனா கடைபவர்கள் கூடினால் மரத்தின் ரேகையைப் பற்றியும் மெருகைப் பற்றியும் நேரம் போவது தெரியாமல் பேசுவோம். கட்டையின் துளைக்குள் பித்தளைக் குழாயை எதைக் கொண்டு ஒட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், கையில் எது இருக்கிறதோ அது என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். ஒரு கருங்காலிக் கட்டை கடைசலில் உடைந்த பிறகே அந்தப் பசையைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

அந்தக் கட்டை உருண்டு திரண்டு, இறுதி அளவுக்கு இன்னும் மயிரிழைதான் மிச்சம் என்ற நிலையில், முனைக்கு அருகே உளி லேசாகச் சிக்கியது. விரல்நக அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து தெறித்தது. அதைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் பசையின் சுவடே இல்லாமல், துளையிட்ட அன்று இருந்தபடியே மரம் வெறுமையாக இருந்தது. மிச்சக் கட்டையையும் நீளவாக்கில் பிளந்தேன். பசை குழாயின் மேல் மூன்று மெல்லிய கோடுகளாக மட்டும் படிந்திருந்தது. கோடுகளுக்கு இடைப்பட்ட பித்தளை, வாங்கிய நாளின் பளபளப்போடு இருந்தது. பசை பிடித்த இடத்தில் நன்றாகவே பிடித்திருந்தது. பிடிக்காத இடம் அதைவிட அதிகம் என்பதுதான் சிக்கல்.

பேனாவின் உடலில் மரம் எவ்வளவு மெல்லியது என்பதை நினைத்தால் இதன் தீவிரம் புரியும். 7 மில்லிமீட்டர் குழாய் கொண்ட ஒல்லிப் பேனாவில், முனைகளில் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே எஞ்சுகிறது. அவ்வளவு மெல்லிய மரம் தன் பலத்தில் நிற்பதில்லை, அடியில் இருக்கும் பித்தளையைச் சார்ந்துதான் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும் இடத்தில் உளியின் அழுத்தத்தைத் தாங்க எதுவும் இல்லை. ஆகவே பேனாவுக்குப் பசை தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதைவிட, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை முழுவதும் நிரப்பி அப்படியே கெட்டியாகுமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

பலரும் முதலில் எடுப்பது சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசை. எனக்குக் கோடுகளை விட்டுச்சென்றதும் அதுதான். அது காய்வது கரைப்பான் ஆவியாவதால் அல்ல. ஒட்டும் பரப்பின் மீதுள்ள மிக நுண்ணிய ஈரப்பதம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. மரத்தில் எப்போதும் சிறிது ஈரம் இருப்பதால், குழாய் உள்ளே போகும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. கை ஒரு நொடி தயங்கினாலும் குழாய் பாதி வழியில் நின்றுவிடும். பிறகு இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. தண்ணீர் போன்ற நீர்த்த வகை இந்த வேலைக்கு உதவாது. கெட்டியான வகை சற்று அவகாசம் தரும். ஆனால் அதைத் தடிமனாகப் பூசினால், ஈரம் எட்டாத நடுப்பகுதி நெடுநேரம் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும்; விரைவூக்கித் தெளிப்பானைப் பயன்படுத்தலாம் என்றாலோ, அது துளைக்குள் எட்டுவதில்லை. காய்ந்த பின் இந்தப் பசை கண்ணாடியைப் போல விறைப்பாகிவிடுவதால், இழுவிசையை நன்றாகத் தாங்கினாலும் அதிர்ச்சியைத் தாங்குவதில்லை. துளை இறுக்கமாக இருந்து, கையும் பழகியிருந்தால் இதைக் கொண்டே நல்ல பேனா செய்துவிடலாம், செய்கிறவர்களும் உண்டு. விரிசலை அடைக்கவும் உளுத்த மரத்தை இறுகச் செய்யவும் இதைவிட நல்லதில்லை என்பதால் என் மேசையிலும் ஒரு குப்பி நிரந்தரமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன்: இதைப் பருத்தித் துணியால் துடைக்கக் கூடாது. பருத்தியில் இது நிறையப் பட்டால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடு கிளம்பும்.

பாலியூரித்தேன் பசை நுரைத்துப் பொங்குவதால் இடைவெளியை நிரப்பிவிடும் என்று தோன்றும். நிரப்பத்தான் செய்கிறது, ஆனால் அந்த நுரையில் காற்றுதான் அதிகம், பலம் குறைவு. பொங்கும் வேகத்தில் குழாயையே வெளியே தள்ளிவிடும் என்பதால், காயும் வரை இரு முனைகளையும் அழுத்திப் பிடித்துவைக்கவும் வேண்டும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கானது. அதிலுள்ள நீர் வெளியேற வழியில்லாத துளைக்குள், நீரை உறிஞ்சாத உலோகத்தின் மீது, அதற்கு வேலை இல்லை.

நான் வந்து சேர்ந்த இடம் எப்பாக்ஸி. அதிலும் 5 நிமிட வகையைத் தவிர்த்து, 30 நிமிடமோ அதற்கு மேலோ அவகாசம் தருகிற மெதுவான வகையையே எடுக்கிறேன். பிசினும் கடினமாக்கியும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுவதால், ஆவியாகிப் போக எதுவும் இல்லை. காய்ந்த பின் சுருக்கம் மிகக் குறைவு. ஊற்றிய அளவு ஏறக்குறைய அப்படியே இடைவெளியில் நிற்கிறது. 5 நிமிட வகையும் இடத்தை நிரப்பும் என்றாலும், அது காய்ந்த பின் சற்று மென்மையாகவே இருக்கிறது. தவிர, நான்கைந்து குழாய்களை வரிசையாக ஒட்டும்போது கடைசிக் குழாயின் முறை வருவதற்குள் கிண்ணத்தில் நூல்விடத் தொடங்கிவிடுகிறது. அவசரமில்லாமல் குழாயைத் திருப்பி, வெளியே எடுத்துப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் மறுபடி பூச முடிகிற அந்த அரை மணி நேரம்தான் எனக்கு மெதுவான வகையின் பெரிய கொடை.

எப்பாக்ஸியில் தவறு நேர்வதெல்லாம் அளவில்தான். கடினமாக்கியைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அப்படி இயங்குவதில்லை. துணையில்லாமல் மிஞ்சும் பாகம் பசையை என்றென்றைக்கும் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். ஒரே ஒரு குழாய்க்காகச் சில துளிகளைக் கலக்கும்போது ஒரு துளி கூடினாலும் விகிதம் கெட்டுவிடுகிறது. அதனால் ஐந்தாறு கட்டைகள் சேரும் வரை காத்திருந்து ஒரே தடவையில் கலக்கிறேன். கலந்ததைக் குழிந்த கிண்ணத்தில் குவித்துவைத்தால் தன் சூட்டிலேயே விரைந்து இறுகும். தட்டையான ஓட்டின் மேல் பரப்பிவைத்தால் சூடு கலைந்து கூடுதல் நேரம் கிடைக்கும். கையுறை அணிவதையும் விட்டுவிடக் கூடாது. காயாத எப்பாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும். வந்துவிட்டால் அது விடுவதில்லை.

எந்தப் பசையானாலும், பரப்பைத் தயார்செய்யாவிட்டால் பயனில்லை. பளபளக்கும் பித்தளையை 150 அல்லது 220 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மங்கச் செய்து, அசிட்டோனால் துடைத்த பிறகு வெறும் விரலால் தொடுவதில்லை. துளையிட்ட சூடு கட்டையில் ஆறும் வரை காத்திருக்கிறேன். உள்ளே தங்கிய தூளை ஊதி எடுக்கிறேன். ஈட்டி, தேக்கு, கோகோபோலோ போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களில் துளையின் உட்புறத்தையும் அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டிவிடுவது நல்லது. நேரம் கடந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே கசிந்து வந்துவிடுகிறது.

நான் அறியாமல் செய்துவந்த பெரிய பிழை, பசையைக் குழாயில் மட்டும் தடவியது. குழாய் உள்ளே நுழையும்போது துளையின் வாய் அந்தப் பசையை வழித்து வெளியிலேயே ஒதுக்கிவிடுகிறது. கருங்காலியில் நான் கண்ட மூன்று கோடுகள் அந்த வழிப்பிலிருந்து தப்பியவைதாம். இப்போது ஒரு மெல்லிய குச்சியால் துளையின் உட்சுவரிலும் பூசுகிறேன். குழாயின் இரு வாய்களையும் மெழுகால் அடைத்துவிட்டு, ஒரு பக்கமிருந்து திருகியபடியே பாதிவரை நுழைத்து, வெளியே எடுத்து, மறுபடி பூசி, எதிர்ப் பக்கமிருந்து முழுவதும் செலுத்துகிறேன். இரு முனைகளிலும் சுற்றிலும் இடைவெளியின்றிப் பசை பிதுங்கி வந்தால்தான் எனக்குத் திருப்தி.

மெழுகு அடைப்பைத் தேவையற்ற வேலை என்று தள்ளிவிட வேண்டாம். குழாயின் உட்புறத்தில் ஒரு துளி பசை காய்ந்து கிடந்தாலும், பின்னர் பேனாவின் உதிரிப் பாகத்தை அழுத்திப் பொருத்தும்போது அந்தப் பாகம் குழாயை விரித்து, மெருகெல்லாம் ஏறி முடிந்த மரத்தையே பிளந்துவிடும். அடைத்தும் உள்ளே கசிந்திருந்தால், கட்டை முனைகளைச் சமன்செய்வதற்கு முன்பே சிறு கத்தியால் சுரண்டி எடுத்துவிடுகிறேன்.

பிறகு ஒரு முழு நாள் தொடுவதில்லை. ஓட்டில் மிஞ்சிய பசையையும் அன்று கழுவுவதில்லை. மறுநாள் அதில் நகத்தை ஊன்றிப் பார்ப்பேன். நகத்தின் தடம் பதியாமல் கல்லாக நின்றால் கட்டைகள் கடைசலுக்குப் போகும். சிறிது பதிந்தாலும் இன்னொரு நாள் அலமாரியிலேயே இருக்கும்.