காபிப் பாறைக்கு அடியில்

பிரிஸ்பேனுக்கு வடக்கே, கடலோரக் கட்டடங்களின் அஸ்திவாரத்துக்காக மண் பரிசோதனை செய்யும் வேலையில் நான் சேர்ந்த முதல் வருஷம் அது. அன்று போட்ட துளையில் ஏழு மீட்டர் வரை ஒரு தடையும் இல்லை. 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, துளைக்குள் இருக்கும் குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். அதுவரை எட்டு, பத்து என்று போய்க்கொண்டிருந்த கணக்கு திடீரென்று எகிறியது, 50 முறை அடித்தும் குழாய் நகரவில்லை. மேலே வந்த துண்டு கறுப்பும் பழுப்புமாக, கெட்டியாக இருந்தது. சரி, பாறை வந்துவிட்டது என்று எழுதி, துளையை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். துளை போடுகிற பெரியவர் மறுத்தார், இன்னும் மூன்று மீட்டர் போய்ப் பார்க்கலாம் என்றார். ஒன்றரை மீட்டர்தான் போயிருப்போம், மறுபடியும் பொலபொலவென்று மணல். நான் எழுதியதை நம்பி அந்தக் கறுப்பு அடுக்கின் மேல் தூண்களை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

குவீன்ஸ்லாந்துக் கடற்கரையில் இதைக் காபிப் பாறை என்பார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் அது பாறையே இல்லை, மக்கிய இலை ஒட்டவைத்த மணல். மணல் மேட்டில் பாங்க்சியா, யூகலிப்டஸ் இலைகள் விழுந்து மக்குகின்றன, மழைத்தண்ணீர் அந்தச் சருகுக்குள் ஊறி, அதிலிருக்கும் அமிலங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது, இறங்கும்போது மணலுக்கு மஞ்சள் நிறம் தருகிற இரும்பையும், கூடவே அலுமினியத்தையும் சுரண்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் மேலே மணல் சர்க்கரை மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. போகப்போக உலோகம் அதிகமாகச் சேர்ந்துவிட, அந்தக் கரைசலால் அதற்கு மேல் கரைந்து நிற்க முடிவதில்லை. ஒவ்வொரு மணல் துகளையும் சுற்றிப் படிந்து, பக்கத்துத் துகளோடு பசை போட்டது போல ஒட்டிவிடுகிறது. நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி இது நிறைய நடக்கும். எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷ வேலை.

அப்புறம் ஆய்வகத்தில் ஒரு துண்டை நீர்த்த காஸ்டிக் சோடாவில் போட்டுப் பார்த்தேன். முதலில் ஓரத்தில் ஒரு பழுப்புப் புகை மாதிரி கிளம்பியது. மறுநாள் காலையில் ஜாடி முழுக்கத் திக்கான டிகாக்‌ஷன், அடியில் உதிர்ந்து கிடந்தது கொஞ்சம் வெளிறிய மணல். நேற்று சுத்தியலுக்கே அசையாத பொருள்! இலைச்சாறுதான் அதைப் பிடித்துவைத்திருந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

பிறகு விடுமுறைக்கு ஃப்ரேசர் தீவுக்குப் போனேன். அந்தத் தீவின் பூர்வகுடிகளான புச்சுல்லா மக்கள் வைத்த பழைய பெயரையே (K'gari) 2023-இல் அதற்கு அதிகாரப்பூர்வமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கிழக்குக் கடற்கரையில் பொயுங்கன் என்ற இடத்தில் அலை மேல்மணலை அரித்து, இதே காபிப் பாறை கறுப்புத் திட்டாக வெளியே நிற்கிறது. ஆனால் மனதில் நின்றது ஏரிகள்தான். மணல் மேட்டுக்கு நடுவில், நிலத்தடி நீர்மட்டத்துக்கு எவ்வளவோ மேலே, மழைத்தண்ணீர் மட்டுமே நிரப்புகிற ஏரிகள். மணலில் தண்ணீர் எப்படி நிற்கும்? மக்கிய இலையும் மணலும் சேர்ந்து இறுகிய அடுக்குதான் அங்கே தரை. பூமஞ்சின் ஏரி ஏறக்குறைய 200 ஹெக்டேர், தண்ணீர் தேநீர் நிறம்.

அந்தத் தரையை உடைத்தால் மேலே நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். அந்த ஏரிகளை நேரில் பார்த்தபிறகு என் வேலையில் ஒன்று மாறிவிட்டது. இந்த அடுக்கைத் துளைத்துப் போன இடங்களில், துளையை வெறும் மணலால் மூடிவிட்டுக் கிளம்ப எனக்கு மனசு வருவதில்லை. பென்டோனைட் களிமண் போட்டு, அது ஊறி உப்பித் துளையை அடைத்துக்கொள்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பதிவேட்டில் ‘பாறை’ என்று எழுதப் போனால் கையில் ஒரு துண்டையும் காஸ்டிக் சோடா ஜாடியையும் கொடுத்துவிடுவேன், மிச்சத்தை மறுநாள் காலை பேசிக்கொள்வோம்.