ஓசூர் மாடியில் ஜேட் பூத்தது

ஜேட் செடி நம் ஊரிலும் பூக்கும். ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் போன மார்கழியில் கொத்துக்கொத்தாகப் பூத்தது. வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடிய, ஐந்து இதழ் நட்சத்திரப் பூக்கள். வாங்கும்போது நர்சரியில், "இது பூக்கற செடி இல்லீங்கக்கா, வீட்டுக்கு அதிர்ஷ்டம்னு வாங்கிட்டுப் போவாங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பல வருஷமாக வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஜேட் என்று பாருங்கள். நர்சரிகளில் இந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. சிவந்த மெல்லிய தண்டும், சுண்டுவிரல் நகம் அளவு இலையும் இருந்தால் அது போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. போன்சாய்க்கு அருமையானது, ஆனால் தொட்டியில் பூப்பது அபூர்வம். தடித்த தண்டு, கட்டைவிரல் அகலத்துக்குச் சதைப்பற்றான இலை, நல்ல வெயில் பட்டால் இலையோரம் சிவக்கிறது என்றால் அது கிராசுலா ஓவாட்டா. நான் சொல்வது இதைப் பற்றித்தான். வயதும் வேண்டும். குச்சி ஒடித்து நட்ட சின்னக் கன்று பூக்காது. சில வருஷங்கள் ஆகி, தண்டு கட்டை பாய்ந்திருக்க வேண்டும். வேர் தொட்டியை நிறைத்திருந்தால் இன்னும் நல்லது. என் செடிக்குத் தொட்டி சிறியதாகிவிட்டது என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. வேருக்குக் கொஞ்சம் நெருக்கடி இருந்தால் பூக்கும் எண்ணம் அதற்கு எளிதாக வரும்.

இது குளிர்காலத்துச் செடி. இரவு நீண்டு, குளிர்ந்து, மண்ணும் காய்ந்து கிடந்தால் மொட்டு வைக்கும். அதன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம், அங்கே அப்போது பூக்கிறது. இங்கே வளர்வது நம் மார்கழி, தைக்கு மாறிக்கொள்கிறது. ஆனால் ஒரு சிக்கல். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மார்கழியில்கூட நம் இரவு பன்னிரண்டரை மணி நேரம்தான். லண்டனில் அது பதினாறு மணி நேரம். கிடைக்கிற கொஞ்ச இருட்டையும் விளக்கு வெளிச்சத்தில் வீணாக்கினால் செடிக்குக் காலம் மாறியதே தெரியாது.

எங்கள் தெருவில் எல்இடி விளக்கு போட்ட பிறகு மாடியின் தெருப்பக்கம் விடிய விடிய வெளிச்சம். அதனால் புரட்டாசி கடைசியில் செடியை மாடிப்படி அறைக்குப் பின்னால், தெற்குச் சுவரோரம் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தினேன். இந்த இடம்தான் வேலை செய்தது என்று உறுதியாக நம்புகிறேன். தெருவிளக்கு அங்கே எட்டாது. ஐப்பசி மழை நேராக இறங்கும்போது சன்ஷேட் தடுத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெயில் மட்டும் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து செடிமேல் விழும். மழை வேண்டாம், வெயில் வேண்டும் என்ற இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன.

நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். செடி காயவேண்டிய நேரமும் அதுவே. திறந்த மாடியில் விட்டால் வேரழுகல் வரும். நான் ஐப்பசியிலிருந்து தண்ணீரை அநேகமாக நிறுத்திவிட்டேன். இலை லேசாகச் சுருங்கி, அழுத்தினால் தளர்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்காது, ஆனால் சும்மாதான் இருக்க வேண்டும். கார்த்திகையில் கிளை நுனிகளில் பச்சையாகச் சின்ன மொட்டுகள் தெரிந்ததும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தேன். பூ நுனியில்தான் வரும் என்பதால் ஆடிக்குப் பிறகு கத்தரிப்பதும் கூடாது. யூரியா, சாணக் கரைசல் எல்லாம் இலையைத்தான் தள்ளும். கோடையில் ஒரு பிடி மண்புழு உரம் போட்டதோடு சரி.

மண் கலவையில் ரகசியம் எதுவும் இல்லை. செம்மண், எம் சாண்ட், செங்கல் தூள், கொஞ்சம் மக்கிய எரு, அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டி, அவ்வளவுதான். பூத்த பிறகு காம்புகளின் இடுக்கில் மாவுப்பூச்சி வரும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பூ வாடியதும் காம்பைக் கிள்ளிவிடுங்கள்.

கலாஞ்சோ என்ற பூச்செடியும் இதே குடும்பம், நீண்ட இரவு கேட்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டி கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுத்து, இப்படி ஆறு வாரம் செய்தால் கொத்தாகப் பூக்கும். ஒருநாளும் விடக்கூடாது. பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். பாலைவன ரோஜா என்று சொல்கிற அடினியம் நேர் எதிர். அதற்குப் பங்குனி, சித்திரை வெயில்தான் கொண்டாட்டம், குளிரில் இலையுதிர்த்துத் தூங்கும்.

தர்மபுரியில் என் அக்கா வீட்டு அடினியம் கோடையில் பூக்கிற பூவைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதிதான். அவளிடம் உள்ள ஜேட்டும் நன்றாக வளர்ந்த கிராசுலாதான், குளிர் போதாமல்தான் மொட்டு வைக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தப் புரட்டாசியில் அதை இங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சன்ஷேடுக்குக் கீழே இன்னும் ஒரு தொட்டிக்கு இடம் இருக்கிறது.